கோல் வலையில் ஒரு மான்

1

இந்தக் கதை எனக்குப் புகாராக வந்து சேர்ந்தது. ஒரே நாளில் இரண்டு பேர் போனில் கூப்பிட்டு ஒருவர்மேல் ஒருவர் குறை சொன்னார்கள். காலையில் அண்ணி, மத்தியானம் அண்ணன். சொன்னது ஒரே சம்பவம்தான். ஒரே ஒரு வாக்கியத்தில் மட்டும் இருவரும் ஒத்துப்போகவில்லை. அந்த வாக்கியத்தைப் பிடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அன்றிலிருந்து உட்காருகிறேன், எழுந்து நடக்கிறேன், தண்ணீர் குடிக்கிறேன், மறுபடி உட்காருகிறேன்.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"நகரத்துக்குள் நரிகள் குடியேறிவிட்டதை முதலில் கண்டுகொண்டவர்கள் சைக்கிள்காரர்கள்தான். ஏனென்றால் அவர்கள்"

அதோடு விட்டுவிட்டேன். நரி என்று எழுதினால் வேலை சுலபம், பாதியை வாசகரே நிரப்பிக்கொள்வார். ஆனால் அண்ணி பார்த்தது மான்.

2

அண்ணி ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். நாள் முழுக்க இருட்டறையில் நின்று, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?" என்று கேட்பது அவர் வேலை. அந்த இருட்டுக்குள் போவதற்கு முன் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும் என்றுதான் சைக்கிளில் போகிறார். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுப் போட்ட சைக்கிள் பாதை அது. ஊரின் முதுகுப்பக்கமாகவே போகும். குடியிருப்புகளின் பின்பக்கம், கிடங்குகளின் பின்பக்கம், விளையாட்டு மைதானங்களின் பின்பக்கம். கார் நுழைய முடியாது. அதனால் மற்றதெல்லாம் நுழைகிறது.

யாருடைய செருப்பையோ கவ்விக்கொண்டு ஒரு நரி எதிரே வந்திருக்கிறது. அது ஒதுங்கவில்லை, அண்ணிதான் ஒதுங்கினார். ஒருமுறை காட்டுப்பன்றி ஒன்று குட்டிகளோடு பாதையைக் கடக்க, இரண்டு பக்கமும் சைக்கிள்கள் சிக்னலில் நிற்பதுபோல நின்றன. பொறுமையில்லாமல் மணியடித்த ஒருவரை எல்லோரும் திரும்பி முறைத்தார்கள். பாலத்தடியில் கிடந்த குச்சி கடைசி நொடியில் நெளிந்து புல்லுக்குள் போனதும் உண்டு.

(இங்கே ஒரு முழுப் பக்கம் இருந்தது. இழந்த இடத்தைக் காடு எப்படித் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்பதைப் பற்றி. அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். "யாரு எழுதினது?" என்றார். "நான்தான்." "எனக்கு அப்படி ஒண்ணும் தோணலையேம்மா. பன்னி போகட்டும்னு நின்னேன், அவ்வளவுதான்." பக்கத்தை எடுத்துவிட்டேன்.)

3

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இந்த வருடத் தொடக்கத்தில் அவருக்கு இதய ஆப்பரேஷன் ஆனது. ஊரையே மாடி ஏற்றிவிட்ட மனிதரைப் படி ஏறாதே என்றார்கள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை சைக்கிளைத் தொடவே கூடாது என்றார்கள். அதுவரை இருவரும் சேர்ந்துதான் ஓட்டுவார்கள். இப்போது அண்ணி மட்டும்.

அண்ணனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். விட்டதற்கே மறுபடியும் விட்டார். எந்தக் கதவும் சத்தம் போடாததால் அவர் எந்த அறையில் இருக்கிறார் என்றே தெரியவில்லை, பயமாக இருக்கிறது என்று அண்ணி என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஒரு நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்த அண்ணி, மாடிப்படியடியில் இருந்த அண்ணனின் சைக்கிள் வேறு பக்கம் சாய்ந்திருப்பதைக் கவனித்தார். ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன் குளிக்கப் போனதும் முன்சக்கரத்தைக் கழற்றித் துணி அலமாரிக்குப் பின்னால் செருகிவிட்டார். அண்ணனும் ஒன்றும் கேட்கவில்லை. முட்டிபோட்ட மாதிரி நின்ற அந்தச் சைக்கிளைத் தாண்டி இருவரும் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் அண்ணி என்ற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. புருஷன் உயிரைப் பூட்டிவைத்துக் காப்பாற்றும் ஒருத்தி, அடுத்த வாரமே அந்தப் புருஷனுக்கே அப்படி ஒரு போனை எப்படிச் செய்வாள்? கதையில் எழுதினால் ஒட்டாது என்று நானே என்னிடம் சொல்லிக்கொண்டேன். ஆனால் போன் செய்தார்.

4

ஞாயிற்றுக்கிழமை காலை. பாதையோரத்து மைதானத்திலிருந்து யாரோ கம்பளத்தைத் தடியால் அடிப்பதுபோலச் சத்தம் கேட்டது. அண்ணி இறங்கிப் பார்த்தார். கால்பந்து கோல் கம்பத்து வலைக்குள் ஒரு ஆண் மான். இரண்டு கொம்பிலும் வலை சுற்றி, திமிறத் திமிறக் கழுத்தில் இறுகியிருந்தது. புல் பிய்ந்து அடியில் மண் தெரிந்தது. நாக்கு வெளியே தொங்கியது.

("அதன் கண்களில்" என்று ஒரு வாக்கியம் தொடங்கினேன். கண்ணையே தொழிலாகக் கொண்ட அண்ணியிடம் அந்தக் கண் எப்படி இருந்தது என்று கேட்டேன். "நான் கண்ணைப் பாக்கல. கழுத்தைத்தான் பாத்தேன்.")

வனவிலங்கு மீட்பு எண்ணைக் கூப்பிட்டார். "ஊருக்கு அந்தக் கோடியில இருக்கோம்மா. வரோம். கிட்ட மட்டும் போயிடாதீங்க, உதைச்சா எலும்பு நொறுங்கிடும்" என்றார்கள். அண்ணி கொஞ்ச நேரம் நின்றார். மான் முன்னங்கால் மடங்கி விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. சுற்றிலும் வேறு யாரும் இல்லை. அண்ணி வீட்டுக்குப் போன் செய்தார்.

5

அந்த வாக்கியம் இங்கேதான் வர வேண்டும்.

அண்ணி சொல்வது: "ஒயர் வெட்டற கட்டரை எங்க வச்சிருக்கீங்கன்னு கேட்டேன். நான் வந்து எடுத்துட்டுப் போகலாம்னு. வேற ஒண்ணும் கேக்கல."

அண்ணன் சொல்வது: "கட்டரை எடுத்துட்டு வாங்கன்னா. வாங்கன்னுதான் சொன்னா. என் காதுக்கா ஆப்பரேஷன் பண்ணாங்க?"

இது சின்ன விஷயம் என்று நீங்கள் நினைக்கலாம், முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். 'வாங்க' என்று சொல்லியிருந்தால், ஒரு மானுக்காகப் புருஷன் உயிரோடு விளையாடியவர் அண்ணி. சொல்லவில்லை என்றால், யாரும் கூப்பிடாமலே அத்தனை பேர் பட்ட பாட்டையும் உதறிவிட்டு ஓடியவர் அண்ணன். இரண்டில் ஒருவரை நான் குற்றவாளி ஆக்கியாக வேண்டும். இருவர் வீட்டிலும் நான் சாப்பிட வேண்டும். இருவருக்கும் ஒரே வீடு.

6

அண்ணன் நேரே அலமாரிக்குப் பின்னால் கைவிட்டுச் சக்கரத்தை எடுத்தார்.

"அங்க இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஒளிச்சு வச்ச அன்னிக்கே தெரியும்."

"அப்பறம் ஏன் எடுக்கல?"

"அவ நிம்மதியா தூங்கட்டும்னுதான்."

சக்கரத்தை மாட்டி, நட்டை முடுக்கி, கட்டரைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். மேட்டில் இறங்கித் தள்ளியதாகச் சொல்கிறார். நான் நம்பவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

மைதானத்துக்கு வந்தபோது அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்ததாம். அண்ணி "ஏன் வந்தீங்க" என்று கேட்கவில்லை. "உக்காருங்க" என்றார். அண்ணன் உட்காரவில்லை.

அண்ணி தன் மழைக்கோட்டை விரித்து மானின் தலைமேல் போட்டு, கொம்புக்குப் பின்னால் முழங்காலை ஊன்றி அதன்மேல் படுத்துவிட்டார். கண் மறைந்ததும் மான் அடங்கியது. அதன் விலா ஏறி இறங்குவது தன் வயிற்றில் தெரிந்தது என்றார். அண்ணன் குனிந்து ஒவ்வொரு இழையாக வெட்டினார். கழுத்தில் இருந்ததை முதலில், கொம்பில் இருந்ததைப் பிறகு. லிஃப்ட் கம்பியில் பழகிய கை. மூச்சுதான் விட்டுவிட்டு வந்தது. மானின் மூச்சா அவர் மூச்சா என்று அண்ணிக்கு ஒரு கட்டத்தில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"எழுந்துக்கோ. மெதுவா இல்ல, சட்டுனு" என்றார் அண்ணன்.

அண்ணி உருண்டு விலகினார். மான் எழுந்தது. போகிற போக்கில் ஒரு குளம்பு அண்ணியின் முன்கையில் பட்டுத் தோலை உரித்தது. கொம்பில் ஒரு துண்டு வலை தொங்க, வேலியைத் தாண்டிக் கிடங்குகளின் பின்னால் போய்விட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அண்ணன் உட்கார்ந்தார். கையை நெஞ்சில் வைக்காமல், வேண்டுமென்றே முழங்காலில் வைத்துக்கொண்டார். அண்ணி அதைக் கவனித்தார்.

மீட்புக்குழு வந்து சேர்ந்ததும் இருவரையும் நன்றாகத் திட்டியது. பிறகு அண்ணனின் முகத்தைப் பார்த்து, மானுக்குக் கொண்டுவந்த ஸ்ட்ரெச்சரில் அவரைப் படுக்கச் சொன்னது. படுத்தார்.

7

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில், ஸ்ட்ரெச்சர் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. எழுதிய சூட்டோடு அண்ணனுக்குப் போன் செய்து "என்ன பண்ற?" என்றேன். "கீலுக்கு எண்ணெய் போடறேன். ஏன்?" என்றார். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில், இருவரும் மறுபடி சேர்ந்து சைக்கிளில் போகிறார்கள், புதருக்குள்ளிருந்து மான் பார்த்துக்கொண்டு நிற்கிறது. நான் வாசித்ததை அண்ணன் கேட்டுவிட்டு, "அதுக்கு வேற வேலை இல்லையா?" என்றார்.

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தார்கள். புதிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இந்த முறை தப்பித்தீர்கள் என்று மட்டும் டாக்டர் சொன்னார். சைக்கிளைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை, கேட்கும் தைரியமும் யாருக்கும் இல்லை. வீட்டில் சக்கரம் சைக்கிளிலேயே இருக்கிறது. அண்ணி அதைக் கழற்றவில்லை. அண்ணன் அதை ஓட்டவில்லை.

போன வாரம் அண்ணியை அவர் கடையில் போய்ப் பார்த்தேன். முன்கையில் கட்டு இன்னும் இருந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கடைசியாக ஒருமுறை கேட்டேன்.

"வாங்கன்னு சொன்னீங்களா அண்ணி?"

லென்ஸ் பெட்டியை எடுத்துத் துடைத்தார்.

"சொல்லல" என்றார். பிறகு, "சொல்லணும்னு அவசியமா? மீட்புக்காரங்க வரோம்னு சொன்னாங்க, நான் நம்பல. இவரு வரக் கூடாது. ஆனா வந்துடுவாருன்னு தெரிஞ்சுதானே போன் பண்ணேன்."

"இதை எழுதலாமா?"

"எழுதாத."

அண்ணனிடம் போனேன். அண்ணி சொன்னதைச் சொல்லவில்லை. "உண்மையா உன் காதுல விழுந்துச்சா அண்ணா?" என்று மட்டும் கேட்டேன்.

"விழுந்துச்சு" என்றார். பிறகு, "விழலைன்னு வச்சுக்கோ. அப்பவும் அவ கூப்பிட்டான்னே எழுது. கூப்பிடாம போனேன்னு தெரிஞ்சா, இனிமே எதுக்கும் எனக்குப் போன் பண்ண மாட்டா."

ஆகவே ஐந்தாம் பகுதியில் அந்த வரியை என்னால் எழுத முடியவில்லை. எனக்குத் தெரிந்ததையெல்லாம், எழுதக் கூடாது என்று அண்ணி சொன்னதையும் சேர்த்து, உங்களிடம் சொல்லிவிட்டேன். இடம் விட்டிருக்கிறேன்:

அண்ணி போனில் சொன்னார்: " . . . . . . . . . . "

நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் இதைப் படிப்பார்கள், அநேகமாக ஒரே நேரத்தில், ஒருவர் தோளுக்குமேல் ஒருவர் எட்டிப் பார்த்தபடி.