மூன்றாம் கலத்தின் அடியில்

இளவெயில் பலகணிக் கம்பிகளினூடே நுழைந்து, பட்டறைகள் நெருங்கிய அந்நெடுந்தெருவின் சுவர்களுக்குப் பொன்பூசிய காலைப்பொழுதில், ஆடி தேய்க்கும் பட்டறையின் பின்னறை மட்டும், துயிலும் மகவை மடியிலேந்திய தாய்போல் மூச்சடக்கி நின்றது. ஆங்கே ஒன்றினும் ஒன்று அகலமான மூன்று கண்ணாடிக் கலங்களின் அடிவழியே, ஆடி தேய்க்கும் தூளைச் சுமந்த நீர் புகுந்து, எறும்பும் நகைக்கும் மென்னடையில் மேலேறிற்று. ஒடுங்கிய முதற்கலத்தில் பரிய துகள்கள் ஏறமாட்டாது தங்கும். கலம் அகல அகல நீரின் நடை தளர, அடுத்தவை அமரும். கண்ணுக்குப் புலனாகா நுண்தூள் மட்டுமே மூன்றாம் கலத்தின் விளிம்பு கடந்து வழியும். நீர் அதிர்ந்தால் யாவும் குழம்புமாதலின், அவ்வறையில் தும்முதல் இல்லை. தும்மல் வந்தோர் தெருக்கோடிவரை நடந்து தும்மி மீள்வர். அங்ஙனம் சென்ற எழுத்தர் ஒருவர், இடையில் மணமும் முடித்து இரு மக்களோடு திரும்பினார். அவர் இருக்கையை எவரும் நகர்த்தியிருக்கவில்லை.

கலங்களைக் காத்தவள் பட்டறைக்காரனின் அண்ணி. அவள் பிரித்த தூளால் இருபதாண்டாய் எவ்வாடியிலும் கீறல் விழுந்ததில்லை. அந்நற்பெயரன்றி அவளுக்கு வேறு செல்வமும் இல்லை. பதினொரு திங்களாய்க் கொழுந்தன் தேய்த்த பேராடிக்குக் கடைசித் தூள் வேண்டியிருந்தது. எட்டு நாளாய்த் தூள் வழிந்தும் அதனை ஏந்திய குடுவை நிறையாமையின், ஒன்பதாம் நாட்காலையில் அவன் நான்குமுறை வாயிலில் வந்து நின்று பெருமூச்செறிந்தான். பொறுக்கமாட்டாதவள் நீர்க்குழாயைச் சற்றே கூடுதலாய்த் திறந்தாள். குடுவை நிறைந்தது, அவனும் கொண்டுபோனான்.

அதன் பின்னரே அவள் மூன்றாம் கலத்தின் அடியை நோக்கினாள். எட்டு நாளாய்ப் படிந்திருந்த வெண்படலத்தைக் காணோம். தங்கவேண்டியவை யாவும் விளிம்பேறிக் குடுவைக்குள் போயிருந்தன. கீறல் விழுந்தால் தேய்த்தவன் கையையே உலகம் பழிக்கும். அவளை ஐயுறுவார் ஒருவருமில்லை. அவ்வெண்ணம் அவளுக்கு இனிதாகவே இருந்தது. ஆயினும் கால்கள் முன்னறைக்கு நடந்தன. கொழுந்தன் தூளில் துணியைத் தோய்த்திருந்தான்.

"துணியைக் கீழே வைங்க. அந்தத் தூளு சரியில்ல."

"என்ன அண்ணி, இருபது வருசமா கெடாத தூளு இன்னைக்குத்தான் கெட்டுப்போச்சா?"

"தூளு கெடல. நான்தான் குழாயைக் கூடத் திறந்துட்டேன். உங்க பெருமூச்சு தாங்கல."

"நாளைக்கு ஆடியை எடுக்க வர்றாங்களே."

"வந்தா உக்காரட்டும். இன்னும் ஒம்பது நாள் ஆகும்."

முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே அவன் குடுவையை முதற்கலத்தில் திரும்பக் கவிழ்த்தான். வந்தவர்களும் உட்கார்ந்தார்கள், நான்காம் நாளில் அவர்களும் முறைவைத்துத் தெருக்கோடிக்கு நடக்கலாயினர். ஒன்பதாம் நாள், மூன்றாம் கலத்தின் அடியில் மீண்டும் படிந்ததை அவள் விரல்நுனியில் வழித்தெடுத்தாள். அது சாம்பற் கறையினும் சிறிது.

"இதுக்கா அண்ணி ஒம்பது நாளு?" என்றான் அவன்.

அவள் உடைந்த ஆடித்துண்டொன்றில் அவ்விரலை ஒருமுறை இழுத்தாள். ஓரத்திலிருந்து ஓரம்வரை கீறல் விழுந்தது. அவன் அதனை வெளிச்சத்தில் உயர்த்தி நெடுநேரம் பார்த்தான், பெருமூச்சு வரவில்லை.

நீர் எவரையும் கடிந்துகொள்வதில்லை. கனத்ததைக் கீழே விட்டு, நுண்ணியதை ஏந்திச் செல்கிறது. மாந்தருக்கோ அவ்வளவு எளிதில் கைகூடுவதில்லை. தம்முள் கனத்துக் கிடப்பதைத் தாமே வாய்திறந்து இறக்கவேண்டியிருக்கிறது.