லைன் சரியில்லை

வேலையிடத்தில் அவருக்குச் சந்தேகம் என்று பெயர். தெருத்தெருவாக ஃபைபர் இழுத்து வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கிற கம்பெனியில் கோளாறு பார்க்கிறவர். மற்றவர்கள் ஒட்டி மூடி, கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிய இணைப்பைத் திரும்பத் திறந்து, ஒளி ஒழுங்காகப் போகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பார். தன் நிழல் பின்னால் வருகிறதா என்றுகூடத் திரும்பிப் பார்க்கிற ஆள் என்று கூட இருப்பவர்கள் கேலி செய்வார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

கோளாறு தேடுவதற்கு அவரிடம் ஒரு வரிசை உண்டு. முதலில் மின்சாரம், பிறகு கம்பி, பிறகு பெட்டி, கடைசியில்தான் ஆள். எதிரே நிற்கிறவர் எவ்வளவு குதித்தாலும் இந்த வரிசை மாறாது. பாதி வீடுகளில் மின்சாரத்தைப் பார்த்ததுமே விஷயம் முடிந்துவிடும். ஆள்வரைக்கும் போக வேண்டி வருவது அபூர்வம்.

சொந்த வீட்டுக் கோளாறையும் அவர் அப்படித்தான் ஆரம்பித்தார்.

அந்தக் கோளாறு இதுதான். ஒரே மகள். கட்டிக்கொடுத்த வீட்டை விட்டு வெளியேறி, எங்கோ தூரத்து ஊரில் தனியாக அறை எடுத்து, மருந்து அடைக்கிற கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். விடுமுறை நாள் மாலையில் வீடியோ காலில் வருவாள். சாப்பிட்டாயா, ஏன் கண்ணெல்லாம் உள்ளே போயிருக்கிறது என்று அம்மா இப்போதுதான் தொடங்கியிருப்பாள், அதற்குள் லைன் சரியில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லிவிடுவாள் மகள். திரை கறுத்துப்போகும். அந்த அப்புறம் அடுத்த விடுமுறைக்குத்தான் வரும். வந்த வேகத்தில் மறுபடியும் லைன் சரியில்லை.

மனைவி இதை அப்படியே நம்பினாள். ஊருக்கெல்லாம் லைன் கொடுக்கிற மனுஷன் வீட்டு லைன் மட்டும் இந்த லட்சணத்தில் இருக்கிறதே என்று காய்கறி நறுக்கும்போதும் சொன்னாள், துணி மடிக்கும்போதும் சொன்னாள். அந்தக் குத்தலில் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம். லைன் என்றால் சரிசெய்துவிடலாம் அல்லவா? அவருக்கு மட்டும் உள்ளே வேறொரு சந்தேகம் இருந்தது. ஊர்ச் சந்தேகத்தையெல்லாம் பிரித்து மேய்கிறவர் அந்த ஒன்றை மட்டும் தொடவே இல்லை.

வீடு நான்கு பக்கமும் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே, கிணற்றுக்குள் இறக்கி வைத்தது போல இருந்தது. மொபைலுக்கு உள்ளே சிக்னல் கிடையாது. தெருமுனைக்குப் போனால்தான் உண்டு. முழங்கால் வலிக்காரியான மனைவிக்குத் தெருமுனை என்பதே வெளியூர் மாதிரி. ஆகவே, மகள் வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் கம்பி வழியாகத்தான் வர வேண்டும்.

முதலில் மின்சாரம். மாலை நேரத்தில் கரண்ட் போய்ப் போய் வருகிற பகுதி அது. கடைக்காரர் ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் தாங்குகிற பெரிய யூபிஎஸ் ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தார். இவர் கேட்டது சின்னது. இன்டர்நெட் பெட்டிகளுக்கு மட்டும் கொடுத்தால் போதும், ஆனால் நீண்ட நேரம் தாங்க வேண்டும். மாறுகிற நொடியில் பெட்டி அணைந்து எழக்கூடாது. கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்துக் கடைக்காரரின் பொறுமையைச் சோதித்துவிட்டுத்தான் வாங்கினார். கரண்ட் போனதும் அது கீச்சென்று கத்தியது. மனைவி அதற்கு நாத்தனார் என்று பெயர் வைத்தாள். அதற்குப் பிறகு கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், விளக்கு அணையும், இருவரும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நாத்தனார் தயவில் பெட்டிகள் மட்டும் ராஜாவாட்டம் எரிந்துகொண்டிருக்கும்.

அந்த விடுமுறை மாலையில் கரண்ட் போகவில்லை. மகள் வந்தாள். லைன் சரியில்லை என்றாள்.

அடுத்தது கம்பி. வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது பழைய செப்புக் கம்பி. அவர்கள் சந்துக்குள் ஃபைபர் கொண்டுவருகிற எண்ணமே கம்பெனிக்கு இல்லை. வாழ்க்கையில் யாரிடமும் எதற்கும் பல்லைக் காட்டாத மனுஷன் சூப்பர்வைசர் பின்னாலேயே நடந்து கெஞ்சினார். பிறகு கேபிளையும் தானே தேர்ந்தெடுத்தார். அணில் கடித்தாலும் அசராத தடித்த தோல் உள்ளது வெளியே. வீட்டுக்குள்ளே, விரலில் சுற்றினாலும் ஒளி சிந்தாத ரகம். சாதாரண ஃபைபரை இறுக்கி மடக்கினால் ஒளி வழியிலேயே கசிந்துவிடும், இது கசியாது. சுவரில் துளை போட்டு, தூசி உறிஞ்சி, கண்ணாடி இழையின் முனையை ஒரு தடவைக்கு மூன்று தடவை துடைத்துச் செருகினார். மனைவி பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். முடி மாதிரி இருக்கிற இதுக்குள்ளேயா நம்ம பொண்ணு வரப்போறா என்று கேட்டாள். பச்சை விளக்கு நிலையாக எரிந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது, சிவப்பு மின்னினால் ஒளி வரவில்லை என்று அவளுக்குச் சொல்லிவைத்தார். அன்றிலிருந்து அவள் காலையில் எழுந்ததும் முதலில் பச்சையைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

மகள் வந்தாள். படம் விட்டுவிட்டுத் தெரிகிறது என்றாள். லைன் சரியில்லை என்றாள்.

மிச்சம் இருந்தது பெட்டி. வீட்டுக்குள் வைஃபை பரப்புகிற ரவுட்டரையும் மாற்றினார். பழைய பெட்டிமீது பழி போடும்போது அவருக்கே கொஞ்சம் அசிங்கமாக இருந்தது. அது பாவம், ஒழுங்காகத்தான் உழைத்துக்கொண்டிருந்தது.

அந்த விடுமுறை மாலையில் படம் எப்படி வந்தது என்கிறீர்கள்! மகளுக்குப் பின்னால் சுவரில் அடித்த ஆணி தெரிந்தது. அதில் தொங்கிய துண்டின் ஈரம் தெரிந்தது. அவள் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்ததும் தெரிந்தது. மனைவி திரையையே கையால் வழித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். வேலை ரொம்பக் கஷ்டமா, லீவு போட்டுவிட்டு ஒரு தடவை வந்துபோயேன் என்றாள்.

மகள் முகம் ஒரு கணம் இறுகியது. “வாய் அசையுதும்மா. சத்தமே வரல.”

மனைவி இன்னும் பக்கத்தில் போவதற்காக எழுந்தாள். புடவை தட்டி, மேசை ஓரத்தில் இருந்த எவர்சில்வர் சொம்பு தரையில் விழுந்து உருண்டது. திரையில் மகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் கண் சத்தம் வந்த பக்கம் திரும்பியது.

மனைவி குனிந்து சொம்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அவர் பார்த்துவிட்டார். அவர் பார்த்ததை மகளும் பார்த்துவிட்டாள்.

“லைன் சரியில்லப்பா. அப்புறம் பேசறேன்” என்றாள் மகள், மெதுவாக.

அது அவருடைய வாக்கியம். அவரையும் மகளையும் தவிர யாருக்கும் அது தெரியாது. அவள் கட்டிக்கொடுத்த வீட்டில் இருந்தபோது, ஒரு பகல் வேளையில், நடுரோட்டுக் குழிக்குள் இணைப்பு ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்த அவருக்குப் போன் செய்தாள். நான் அங்கேயே வந்துவிடட்டுமா, இனிமேல் இங்கே என்னால் முடியாது என்றாள். ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. அவள் மூச்சு வாங்கியதுகூடக் கேட்டது. சொந்தக்காரர்கள் முகமெல்லாம் வரிசையாக அவர் கண்ணுக்குள் வந்து நின்றது. என்ன சொல்வதென்று தெரியாமல், சரியாகக் கேட்கவில்லையம்மா, லைன் சரியில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அவளாக மறுபடி கேட்பாள் என்று நினைத்தார். அவள் கேட்கவில்லை. தனியாக வெளியேறி, தனியாக வேலை தேடி, போன பிறகுதான் தகவல் சொன்னாள்.

“என்னங்க” என்று மனைவி கூப்பிட்டாள். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பச்சைதானே எரியுது? பச்சைன்னா நல்லா இருக்குன்னுதானே சொன்னீங்க?”

அவர் பெட்டிக்குப் பின்னால் போனார். மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தார். அவர் வாழ்நாளில் போட்ட இணைப்புகளிலேயே இதுதான் சுத்தமானது.

“அப்புறம் ஏன் அவளுக்குக் கேக்கல?” மனைவியின் குரலில் ஏதோ உடையத் தொடங்கியிருந்தது.

அவர் இழையைப் பிடித்து விரலில் இறுக்கிச் சுற்றினார். பச்சை அசையவில்லை. பேனாவில் சுற்றினார். அப்போதும் பச்சை. தேடித்தேடி வாங்கிய சரக்கு, ஒரு சொட்டு ஒளியைச் சிந்துவேனா என்றது. கடைசியில் கனெக்டரையே பிடித்து இழுத்துவிட்டார்.

“இதோ பாரு” என்றார். “சிவப்பு.”

மனைவி எட்டிப் பார்த்தாள். மின்னிக்கொண்டிருந்தது. அவள் முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். முகத்தில் உயிர் திரும்பி வந்தது. அதானே பார்த்தேன் என்றாள். மனைவியின் நிம்மதியைப் பார்க்க முடியாமல் அவர் திருப்புளியைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார். செத்துப்போய்விடலாம் போல இருந்தது அவருக்கு.

மறுநாள் தெருவில், வேலைக்கு நடுவே, மகளைக் கூப்பிட்டார். எடுத்தாள்.

“அன்னிக்கு எனக்குக் கேட்டுச்சும்மா. நீ சொன்னது எல்லாமே கேட்டுச்சு.”

பக்கத்தில் எங்கோ இயந்திரம் ஓடும் சத்தம் வந்தது. அவள் அதைத் தாண்டி ஒரு ஓரத்துக்குப் போவது தெரிந்தது.

“தெரியும்ப்பா” என்றாள். “அப்பவே தெரியும்.”

வீட்டுக்கு வந்துவிடு என்று சொல்ல வாயெடுத்தார். அவள் வைத்துவிட்டிருந்தாள். அவர் திரும்பக் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து நின்றது.

வரிசை முடிந்துவிட்டது. மின்சாரம் சரி, கம்பி சரி, பெட்டி சரி. ஆளைச் சரிசெய்ய அவர் பையில் ஒரு சாமானும் இல்லை.

அடுத்த விடுமுறை மாலையில் மனைவி தலை வாரி, முக்காலியைச் சரியான இடத்தில் இழுத்துப் போட்டு, விழுந்துவிடாமல் சொம்பைத் தூரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அழைப்பு வருகிற நேரம். இன்னும் ஒரு தடவை அந்தப் பொய்யைச் சொல்கிற வேலையை மகளுக்கு அவர் வைக்கவில்லை. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பின்னால் போய்க் கனெக்டரை இழுத்துவிட்டார்.

சிவப்பு மின்னியது. அன்று அவள் கூப்பிட்டாளா, கூப்பிட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள், அன்று ஒருநாளாவது நின்று பேசியிருப்பாளா, எதுவும் இனி அவருக்குத் தெரியப்போவதில்லை.

“பாவம்” என்றாள் மனைவி, சிவப்பையே பார்த்துக்கொண்டு. “அங்க உக்காந்து விடாம நம்மளக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பா.”

ஆமாம் என்றார் அவர்.