பிரண்டை பறித்த அந்தி

அனந்தமதியின் பசு மத்தியானத்திலிருந்து வயிறு உப்பிப் படுத்துக் கிடந்தது. மாட்டு டாக்டர் மேல்மலையனூருக்குப் போயிருந்தார். அமாவாசைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்ட மனுஷன் எப்போது வந்து சேருவாரோ! புருஷன் அஜிததாஸ் போன வருஷம் கண்ணை மூடியபின் அந்த வீட்டில் அவளுக்குப் பேச்சுத்துணை இந்தப் பசு ஒன்றுதான். இதுவும் போய்விட்டால் அவள் யாரோடு பேசுவாள்?

ஆடு மேய்க்கும் பச்சமுத்துதான் வழி சொன்னான். “கோட்டை மதிலோரம் பிரண்டை இருக்குதுக்கா. பறிச்சாந்து புளியும் உப்பும் வெச்சு அரைச்சு ஊத்து. ஆனா பறிச்சதுலேர்ந்து மாடு முழுங்கற வரைக்கும் வாயத் தொறக்காத. தொறந்தா மாடு பொழைக்காது. பின்னாடியே வந்து கூப்புடும்.”

“இன்னாடா கூப்புடும்?”

“அது தெரியாதுக்கா. தெரிஞ்சவங்க கொரலாதான் இருக்கும்.”

பிரண்டையை ஒடித்து மடியில் கட்டிக்கொண்டு திரும்புவதற்குள் இருட்டிவிட்டது. பின்னால் காய்ந்த சருகு மிதிபடும் சத்தம் கேட்டது.

“மதி.”

அஜிததாஸின் குரல். அந்த இழுப்புகூட அவருடையதுதான். இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை நாள் அழுதிருக்கிறாள்! முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நடந்தாள்.

“மதி, இருட்டிப்போச்சே. சாப்டியா?”

பொழுது இறங்கியபின் சோற்றைத் தொடாத ஜைனக் குடும்பம் அவர்களுடையது. ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட விளக்கு வைத்தபின் அவர் ஒரு வாய் கஞ்சி குடித்ததில்லை. அவரா இருட்டில் வந்து இப்படிக் கேட்பார்? அனந்தமதி ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தாள்.

மருந்து உள்ளே போன கொஞ்ச நேரத்தில் பசு பெரிதாக ஏப்பம் விட்டு எழுந்து நின்றது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அத்தனை நேரம் அடைத்து வைத்த வாய், சும்மா இருக்குமா? “என்னையே ஏமாத்தப் பாக்குதுடி! எங்க வூட்டுக்காரரு பொழுது எறங்கறதுக்கு முன்னாடிதான் சாப்டியான்னு கேப்பாரு” என்று பசுவிடம் கொட்டித் தீர்த்தாள். பசு அவளைப் பார்க்கவில்லை. கொட்டகை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றது.

மறுநாள் சாயங்காலம் வெயில் இன்னும் கூரைமேல் இருந்தது. வெளியிலிருந்து குரல் வந்தது.

“மதி, பொழுது எறங்கப் போவுது. சாப்டியா?”

அது அவர் இல்லையென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சொல்லிக்கொடுத்தவளே அவள்தானே. ஆனால் ஒரு வருஷமாக இந்த வீட்டில் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை.

“இன்னும் இல்லீங்க” என்றாள். “உள்ள வாங்க.”