காயாத தரை

கடைசி வாளியையும் சசிக்குமார் வாசற்படியோரம் கவிழ்த்தான். சாம்பல் நிறக் கலவை கூழ்போல் ஓடி, பழைய தரையின் பள்ளங்களைத் தானே தேடி நிரப்பிக்கொண்டு மட்டமானது.

"அக்கா, இனி யாரும் கால் வச்சிராதீங்க. மத்தியானத்துக்குப் பொறகு நடக்கலாம். இப்ப மிதிச்சா எல்லாம் பழுதாப் போயிரும்."

நுஸ்ரா தெருவில் நின்றபடி தலையாட்டினாள். கையிலிருந்த போனில் கட்டாரிலிருந்து அவளுடைய மூத்த சகோதரன், ஸுஹைல் நானா, பார்த்துக்கொண்டிருந்தான். ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குடும்பத்தோடு வருகிறான். அதற்குள் ஹோலுக்கு மரப்பலகை மாதிரியான லெமினேட் தரை போட்டாக வேண்டும் என்பது அவனுடைய ஏற்பாடு. அதற்கு முதலில் அடித்தரை மட்டமாக வேண்டும். உம்மா வருடக்கணக்காகத் தேய்த்த சிவப்புப் பொலிஷ் ஒட்டியிருந்தால் கலவை பிடிக்காது என்று சசிக்குமார் கிரைண்டரால் இரண்டு நாள் சுரண்டினான். தூசி பின்னறைக்குப் போகாமலிருக்க நுஸ்ரா கதவில் ஈரத்துணி கட்டினாள். உள்ளே படுத்திருந்த வாப்பா கலந்தர், "வீட்ட ஒடைக்கிறாங்களா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்.

கலவை காயும்வரை வாப்பாவோடு பின்னறையிலேயே இருப்பதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். உள்ளே இருட்டாக இருக்கிறது, வாசலில் நின்று காட்டு என்று ஸுஹைல் சொன்னதால் வெளியே வந்தாள். பேச்சு மும்முரத்தில் சசிக்குமார் ஊற்றிக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டதைக் கவனிக்கவில்லை. போகட்டும், பின்பக்கமாகச் சுற்றிப் போய்விடலாம்.

"நுஸ்ரா..."

உள்ளிருந்து வாப்பாவின் குரல். ஒரு பக்கம் கைகால் விழுந்துபோன நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் அவளைத்தான் கூப்பிடுவார். தண்ணீர் வேண்டும், ஃபேனை நிறுத்து, இப்போது என்ன நேரம்.

"வாப்பா கூப்பிடுறாரு நானா."

"அவரு கூப்பிட்டுக்கிட்டேதானே இருப்பாரு. அந்த மூலையக் காட்டு. அங்கதானே பள்ளம் இருந்திச்சு."

அவள் கையை எட்டி நீட்டி மூலையைக் காட்டினாள். வாப்பா மறுபடி கூப்பிட்டார். அடுத்த தடவை அவளுடைய பெயர் பாதியில் நின்றது.

நுஸ்ரா போனை வைத்தாள். வாசற்படியில் ஏறி ஒரு காலைத் தூக்கினாள். தரை ஒரு கீறல் இல்லாமல் மினுங்கியது. அந்தப் பக்கம், எட்டி நடந்தால் நாலைந்து எட்டில், ஈரத்துணி தொங்கும் கதவு.

"அக்கா, பாத்து!" வாளி கழுவிக்கொண்டிருந்த சசிக்குமார் கத்தினான்.

அவள் காலைக் கீழே வைத்தாள்.

பக்கத்து வீட்டுக் கேட்டில் பூட்டுத் தொங்கியது. கிருஷ்ணம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அந்த முற்றம் வழியாகப் போக முடிந்திருந்தால் ஒரு நொடி வேலை. நுஸ்ரா தெருமுனைவரை போய், மர ஆலையருகே திரும்பி, கழிவுநீர்க் கானோரமாக வந்தாள். நடந்துதான் வந்தாள், கடைசியில் மட்டும் ஓடினாள். பின்கதவை அவளே உள்ளே கொளுவியிருந்தாள். ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுக் கொளுக்கியை எடுத்தாள்.

வாப்பா ஹோல் பக்கம் பார்த்தபடி சரிந்து கிடந்தார். கட்டிலருகே கோப்பையில் தண்ணீர் தளும்ப இருந்தது. நுஸ்ரா அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு காதில் கலிமா சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு நிறுத்தினாள்.

செய்தி கேட்டு வாப்பாவின் தம்பி மக்கீன்தான் முதலில் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராக ஹோலுக்குள் நடந்தார். கால்விரல்களுக்கிடையே கலவை பிதுங்கியது.

"சாச்சா, தரை..."

"என்ன மகள்?"

"ஒண்ணுமில்ல."

அவர் பின்னறைக்கு வந்துசேர ஒரு நொடிகூட எடுக்கவில்லை. அவருக்குப் பின்னால் பள்ளிவாசல் ஆட்கள் வந்தார்கள். குளிப்பாட்டுவதற்கு வாளி வாளியாகத் தண்ணீர் உள்ளே போனது. பெண்கள் வந்தார்கள். வாப்பாவைக் கிடத்திய சந்தூக்கை ஹோல் நடுவில் வைத்தார்கள். சசிக்குமார் கருவிகளை ஓரமாக அடுக்கிவிட்டு, கைகட்டி மதிலோரம் நின்றான்.

ஸுஹைல் மறுபடி அழைத்தான். அழுதுகொண்டிருந்தான். அன்றைக்கு விமானம் கிடைக்கவில்லை.

"தரையப் பத்தி யோசிக்காத. எல்லாரையும் உள்ள வரச் சொல்லு."

"வந்துட்டாங்க நானா."

"நான் பேசிக்கிட்டிருக்கப்பதானே கூப்பிட்டாரு. எதுக்கு?"

நுஸ்ரா போனை மறுகாதுக்கு மாற்றினாள்.

"ஃபேன நிப்பாட்டச் சொல்லி."

"போய் நிப்பாட்டினியா?"

"ஓ, நிப்பாட்டினேன். பொறகு தூங்கினாரு. தூக்கத்திலதான் போனாரு."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றான் ஸுஹைல். மூச்சை இழுத்துவிடும் சத்தம் கேட்டது.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள்.

சசிக்குமார் அடுத்த கிழமை வந்தான். ஹோல் முழுவதும் உழுத வயல் காய்ந்ததுபோல் கிடந்தது. மேடுகளையெல்லாம் அரைத்து எடுத்தான், தூசியை உறிஞ்சினான், பிரைமர் பூசினான். இந்தத் தடவை கதவில் துணி கட்டவில்லை. மறுநாள் காலையில் கலவையைக் கரைத்துக்கொண்டே கேட்டான்:

"போன தடவ மாதிரியே பின்னறைப் பக்கம் இருந்து ஊத்திக்கிட்டு வாறேன். சரிதானே அக்கா?"

"சரி தம்பி."

"அப்ப நீங்க வெளிய வந்துருங்க. இல்லாட்டி உள்ள மாட்டிக்குவீங்க. இப்ப உள்ள யாரும் இல்லத்தானே."

வாசலில் நின்ற நுஸ்ரா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஹோலைக் கடந்து போனாள். பின்னறைக் கதவருகே போய்த் திரும்பி நின்றாள்.

"நான் இங்க இருக்கேன். நீங்க ஊத்துங்க."

சசிக்குமார் அவளை ஒரு தரம் பார்த்தான். பிறகு வாளியைச் சரித்தான். கலவை அவள் காலடியில் விழுந்து, வாசலை நோக்கி ஓடத் தொடங்கியது.