வாசிக்காமல் விட்ட ஜெபச் சீட்டு

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஜெபப் பெட்டியைத் திறப்பது பல்லண்ணனின் வேலை. பதினோரு வருடமாக அவர்தான் திறக்கிறார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் பல் செட் செய்கிறவர் என்பதால் சபையில் எல்லோருக்கும் அவர் பல்லண்ணன். பாஸ்டருக்கே அப்படித்தான் வாயில் வரும். ஆலயத்தின் பின்னறையில், பாடகர் குழுவின் அங்கிகள் தொங்கும் அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சபையார் எழுதிப் போட்ட சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒரே தாளில் பார்த்து எழுதுவார். மறுநாள் ஆராதனையில் பாஸ்டர் அந்தத் தாளை வாசிக்க, சபை முழுவதும் ஆமென் சொல்லும். சீட்டில் யாரும் தன் பெயரை எழுதக் கூடாது. விழுந்த சீட்டு எதுவும் விடுபடக் கூடாது. படித்ததைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாது.

பெயர் இல்லாவிட்டால் என்ன, கையெழுத்து இருக்கிறதே. முழங்கால் வலிக்காக எழுதும் தையல்காரம்மாவின் எழுத்து, அவர் நடையைப் போலவே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். மகனுக்குப் பெண் அமைய வேண்டும் என்று நான்கு வருடமாக எழுதும் பஸ் டிரைவர், வாரம் ஒரு நிபந்தனையாகக் குறைத்துக்கொண்டே வந்து, இப்போது "பேசினால் பதில் சொன்னால் போதும் ஆண்டவரே" என்ற இடத்தில் நின்றிருந்தார்.

மெத்தைக்காரனின் சீட்டுக்குக் கையெழுத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். கடையின் பில் புத்தகத்திலிருந்து கிழித்த தாள். மூலையில் தூங்குகிற நிலா ஒன்று அச்சாகியிருக்கும். அந்த நிலாவைக் கண்டாலே பல்லண்ணனுக்கு வயிறு எரியத் தொடங்கிவிடும்.

மெத்தைக்காரன் ஊருக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. கடை திறந்த வாரமே சபைக்கு வந்தான், வந்த வாரமே "இங்க நம்ம டீம் எது?" என்று கேட்டான், மறுநாளே பச்சைச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டான். பச்சை அணி இரண்டாம் பிரிவில் வருடக்கணக்காகத் தவழ்ந்துகொண்டிருந்த கால்பந்து அணி. அதற்காக அவன் ஒரு நாள் சீட்டு எழுதிப் போட்டான்: "பச்சை அணிக்கு வெற்றி தாரும்." பாஸ்டர் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சபை சிரித்தது. அன்று மாலை அணி மூன்று கோல் போட்டு ஜெயித்தது. அடுத்த வாரமும் சீட்டு, அடுத்த வாரமும் வெற்றி. இப்படி ஒன்பது வாரம். இப்போது யாரும் சிரிப்பதில்லை. ஓர் அணியில் எத்தனை பேர் என்றுகூடத் தெரியாத தையல்காரம்மாதான் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார்.

அந்த ஒன்பதையும் தாளில் எழுதியது பல்லண்ணனின் கைதான். பசியோடு நின்று அடுத்தவன் தட்டில் பரிமாறுவது போல இருந்தது அவருக்கு.

ஏனென்றால் அவர் அந்த அணியின் பின்னால் அலைவது இருபத்தாறு வருடமாக. ஒன்பது வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போனது. பத்து வயதில் ஒரு மாட்சில், கடைசி நிமிடத்தில், கண்ணை இறுக மூடிக்கொண்டு "எப்படியாவது ஒரு கோல் கொடும்" என்று கேட்டார். கண்ணைத் திறந்தபோது எதிரணி கோல்கீப்பர் தோள் எலும்பு முறிந்து தரையில் துடித்துக்கொண்டிருந்தான். பந்து வலைக்குள் கிடந்தது. கேட்டதற்குக் கிடைத்த பதில் அது என்று அந்தப் பையன் நம்பினான். அன்றோடு வெற்றி கேட்பதை விட்டான். வளர்ந்தபின் அது தவறான கணக்கு என்று புத்திக்குத் தெரிந்தாலும் வாய் திறக்க மறுத்தது. வேலை, வாடகை, மனைவியின் இரத்தச் சோகை, எல்லாவற்றுக்கும் ஜெபித்தார். பச்சை அணிக்காக மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அணியும் தோற்றுக்கொண்டே இருந்தது. அதைத் தன் விசுவாசத்தின் ஒரு பகுதியாகவே, சற்றுப் பெருமையோடு, சுமந்துகொண்டிருந்தார்.

இவன் எங்கிருந்தோ வந்தான், கேட்டான், வாங்கிக்கொண்டான்.

போதாததற்கு அணியின் கேப்டன் முதுகு வலிக்கு மெத்தை வாங்க அவன் கடைக்கே போயிருந்தார். இருவரும் தோளில் கை போட்ட படம் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. பல்லண்ணன் பல் செட் கொடுக்க டாக்டர்களிடம் போகும்போது அந்தத் தெருவைத் தவிர்த்து, குப்பைத் தொட்டிகள் நிற்கும் சந்து வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கினார். அப்படிச் சுற்றியும் தப்ப முடியவில்லை. மனைவி அவரைக் கேட்காமலே அந்தக் கடையில் மெத்தை வாங்கிப் போட்டுவிட்டாள்.

"என்னங்க, எப்படி இருக்கு?"

"பள்ளத்துல படுத்த மாதிரி இருக்கு."

"பொய். படுத்த அஞ்சாவது நிமிஷம் குறட்டை."

அதுதான் இன்னும் எரிந்தது. மெத்தை நன்றாக இருந்தது.

இந்தச் சனிக்கிழமை பெட்டியில் நிலா போட்ட சீட்டு நான்காக மடித்துக் கிடந்தது. மறுநாள் லீகின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் பச்சை அணி முதல் பிரிவுக்குப் போகும், சமநிலைகூடப் போதாது. பல்லண்ணன் ஒரு மடிப்பைப் பிரித்தார். "ஞாயிற்றுக்கிழமை நடக்கிற மாட்சில்" என்ற முதல் வரி தெரிந்தது. அதற்குமேல் பிரிக்கக் கை வரவில்லை. நாளைக்கு ஜெயித்தால் காலத்துக்கும் இது மெத்தைக்காரனின் வெற்றி என்று ஆகிவிடும். சபையில் பேரப்பிள்ளைகளுக்குக்கூட இதைத்தான் சொல்வார்கள். இருபத்தாறு வருடம் மழையில் நனைந்தவனை யார் நினைக்கப் போகிறார்கள்?

சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சீட்டு இல்லாமலும் ஜெயிக்கட்டுமே. அப்போது தெரியும். அயலானுக்கு உள்ளதை இச்சிக்கக் கூடாது என்ற பத்தாவது கட்டளை நினைவுக்கு வந்தது. அதில் அயலானின் வீடு, வேலைக்காரன், மாடு, கழுதை எல்லாம் உண்டு. அயலானின் ஜெபத்தைப் பற்றி ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே வாதாடிக்கொண்டார். பிறகு, எதுவும் விடுபடாத அழகோடு, மற்ற பதினேழையும் எழுதி முடித்தார்.

ஞாயிறு காலை பாஸ்டர் தாளை வாசித்தார். மெத்தைக்காரன் மூன்றாவது வரிசையில் தலை குனிந்து காத்திருந்தான். முழங்கால் வந்தது, மருமகள் வந்தாள், யாரோ ஒருவரின் பரீட்சை வந்தது. கடைசி ஆமென் ஆனபின்பும் அவன் தலை நிமிரவில்லை. பிறகு மெதுவாக நிமிர்ந்து, வருகைப் பதிவில் பெயர் கூப்பிடப்படாத பள்ளிப்பிள்ளையைப் போல அக்கம்பக்கம் பார்த்தான். பல்லண்ணனுக்கு நெஞ்சில் ஏதோ குளுகுளுவென்று இறங்கியது. பாட்டின் இரண்டாவது அடி வரைக்கும் அந்தக் குளிர்ச்சி இருந்தது.

வாசலில் மெத்தைக்காரன் அவரைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, என் சீட்டு பெட்டியில இருந்துச்சா?"

"இல்லையேப்பா."

"வியாழக்கிழமையே போட்டேனே."

"பெட்டி பழசு. எங்கயாவது இடுக்குல சிக்கியிருக்கும்."

"சரி விடுங்க. எழுதினது ஆண்டவருக்குத் தெரியாதா என்ன, வாசிச்சாத்தானா?" என்று சிரித்துவிட்டு, தையல்காரம்மாவைக் கைபிடித்துப் படியிறக்கப் போய்விட்டான்.

ஒரு சந்தேகமாவது படக் கூடாதா? பல்லண்ணனுக்கு அந்தச் சிரிப்பின் மேலும் ஆத்திரம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் பல் செட் செய்யும் அறையில் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். மேசையில் பாதி முடிந்த மேல்வரிசைப் பற்கள் மெழுகில் இளித்துக்கொண்டிருந்தன. சீட்டை முழுவதும் பிரித்தார்.

"ஞாயிற்றுக்கிழமை நடக்கிற மாட்சில் எனக்காக ஒன்றும் வேண்டாம். நான் ஒன்பது வாரமாகக் கேட்கிறேன், நீர் தருகிறீர். இருபத்தாறு வருடமாக அணியின் பின்னால் அலைந்தும் ஒன்றும் கேட்காமல் இருக்கிற ஓர் அண்ணன் நம் சபையில் இருக்கிறார். அன்றைக்கு அவர் மனம் குளிர வேண்டும்."

இரண்டு தரம் படித்தார். முகம் சுட்டது. இதைப் பாஸ்டர் வாசித்திருந்தால் சபை முழுவதும் தனக்காக ஆமென் சொல்லியிருக்கும். ஒன்பது வாரம் மற்றவனுக்குக் கிடைத்த ஆமென். அதைத் தன் பையிலேயே ஒளித்துவைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

கதவைத் திறந்து மனைவியைக் கூப்பிட்டார். "மெத்தைக்காரன்கிட்ட என்னைப் பத்தி என்ன சொன்னே?"

"மெத்தை பார்க்கப் போனப்போ பேச்சுவாக்குல சொன்னேன். ஏன், ஊரறிஞ்ச ரகசியம்தானே?"

"அந்தக் கோல்கீப்பர் கதையையுமா?"

"அதையும்தான். கேட்டுட்டு அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நீங்க என்னன்னா அந்த மனுஷனைக் கண்டா சந்துல பூந்து ஓடுறீங்க."

"யார் சொன்னா?"

"குப்பை லாரி ஓட்டுறவர். 'உங்க வீட்டுக்காரர் எதையாவது தொலைச்சுட்டாரா, தினமும் அங்கேயே சுத்துறார்'னு கேட்டாரு."

நான்கு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. பல்லண்ணன் வழக்கம்போலக் கூரையில்லாத தெற்கு கேலரியில் நின்றார். மெத்தைக்காரன் எதிரே, கேப்டன் கொடுத்த டிக்கெட்டில், நிழலில். இடைவேளை வரைக்கும் கோல் இல்லை. ஆட்டம் கண்ணில் ஒட்டவில்லை. பையில் இருந்த சீட்டு கட்டெறும்பு போலக் குடைந்தது. இடைவேளை விசில் ஊதியதும் டீக்கடை வரிசையில் போய் அவனைக் கண்டுபிடித்து, சீட்டை நீட்டினார்.

மெத்தைக்காரன் நிலாவைப் பார்த்தான். "இடுக்குல இருந்துச்சா?"

"என் பையில இருந்துச்சு. நான்தான் எடுத்து வச்சேன்."

"மறந்துட்டீங்களா?"

"வேணும்னேதான்."

"என்ன இருக்குன்னு படிச்சுட்டா?"

"படிக்காமத்தான். உன் சீட்டுன்னு தெரிஞ்சது, அது போதும்."

வரிசை ஒரு அடி நகர்ந்தது. அவனும் நகர்ந்தான். "ஏண்ணே?"

"பொறாமை."

"என் மேலயா?" அவனுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "நான் மெத்தை விக்கிறவன்ணே."

"நீ கேட்கிறே, கிடைக்குது. அது பொறுக்கலை."

அவன் முகம் சிறுத்தது. ஆலய வாசலில் வராத கோபம் இப்போது வந்தது. "காலையில பொய்யும் சொன்னீங்க. நான் ராத்திரி பூரா எப்படி எழுதுறதுன்னு யோசிச்சு எழுதினது, தெரியுமா? எனக்கு எழுத்துக் கூட்டி எழுதவே வராது." கொஞ்ச நேரம் டீ விற்கிறவரையே முறைத்துக்கொண்டிருந்தான். பிறகு, "ரெண்டு டீ" என்றான்.

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. இப்படி ஒரு மனிதனால் மன்னிக்க முடியுமா என்று பல்லண்ணனுக்கு அதுவும் பொறாமையாக இருந்தது. தானாக இருந்தால் குறைந்தது இரண்டு பண்டிகையாவது பேசாமல் இருந்திருப்பார்.

இரண்டாம் பாதிக்கு மெத்தைக்காரன் நிழலுக்குப் போகவில்லை. தெற்கு கேலரிக்கு வந்து, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றான். எண்பத்தெட்டாவது நிமிடத்தில் பச்சை அணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. கேப்டன் பந்தை வைத்தார்.

"கேளுங்கண்ணே," என்றான் மெத்தைக்காரன், முழங்கையால் இடித்து.

"நீ கேளு. உனக்குத்தான் கிடைக்கும்."

"இன்னிக்கு நான் கேட்க மாட்டேன். நீங்க கேளுங்க."

பல்லண்ணன் எதிரணி கோல்கீப்பரைப் பார்த்தார். ஒல்லியான பையன், கையுறையைக் கடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. அதை முதலில் சொன்னார். பிறகு, பத்து வயதுக்குப் பின் முதல் தடவையாக, கண்ணை மூடாமல், உதடு அசையக் கேட்டார். எங்களை ஜெயிக்க வையும்.

பந்து இடது கம்பத்தில் மோதி வெளியே போனது.

ஏழு நிமிடம் கழித்து விசில். கோல் இல்லை, மேலே போவதும் இல்லை. மெத்தைக்காரன் படியில் உட்கார்ந்து, பச்சைச் சட்டையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதான். எட்டு மாதத்தில் அவன் ஒன்பது வெற்றிகளை ஆசையாகப் பார்த்தவன்; இப்படி ஒன்றை நம்பி ஏமாந்து பழக்கமில்லை. சுற்றிலும் ஆட்கள் இறங்கிப் போனார்கள். அவனுக்கு ஒன்பது, நான் கேட்டதற்குக் கம்பம் என்று பல்லண்ணனுக்குள் பழைய எரிச்சல் தலை தூக்கியது. அவன் அழுகிற சத்தத்தில் அது தன் இடத்தை மறந்து தடுமாறியது.

"எப்படிண்ணே இருபத்தாறு வருஷம் தாங்கினீங்க?" என்றான் சட்டைக்குள்ளிருந்து. பிறகு முகத்தை எடுத்து அவரை அண்ணாந்து பார்த்தான். கண்ணில் அப்பட்டமான பொறாமை. "உங்களுக்குப் பழகிப்போச்சு. வலிக்கவே இல்ல. குடுத்து வச்சவர்ண்ணே நீங்க."

இத்தனை நாளாக எவன் மேல் வயிறு எரிந்தாரோ அவனே சொல்கிறான். மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். பல்லண்ணன் அதே படியில், அவன் பக்கத்தில், முட்டி மடக்கி உட்கார்ந்தார்.

"வலிக்குதுப்பா," என்றார். "நல்லா வலிக்குது. இன்னிக்குத்தானே கேட்டேன்."