ஒற்றை நட்சத்திரம் தொடர்பாக

'கதாநாயகன் வாயைத் திறந்தாலே ஜலதோஷம் பிடித்தவன் மாதிரி இருக்கிறது. ஆவி பிடிக்கச் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தார் விருத்தாசலத்துக்காரர் ஒருவர். போனால் போகிறது என்று மூன்று நட்சத்திரம் போட்டிருந்தார்.

வெற்றிச்செல்வி போனை மேசைமேல் வைத்தாள். வைத்த கை ஓயுமுன் மறுபடி எடுத்தாள். ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் காது ஒன்றுதான் வேலை போலிருக்கிறது!

'பதினெட்டாம் வளைவில் ஒரு முத்தம்' என்ற காதல் மர்ம நாவலை, சென்னைக் கம்பெனி ஒன்றின் ஒலிப்புத்தகச் செயலிக்காக அவள்தான் வாசித்திருந்தாள். செந்துறையில், தன் வீட்டு உள்ளறையில் சுவரோரம் மெத்தைகளை நிறுத்தி, ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, ஃபேனையும் அணைத்துவிட்டு, இருபத்து நான்கு அத்தியாயமும் வியர்வையில் குளித்தபடி வாசித்தது. வெளிவந்து ஒரு மாதமாகிறது. இதற்குத்தான் இந்தப் பேச்சு.

'கொடைக்கானல் பங்களாவில் நடுராத்திரி. அப்போது சேவல் கூவுகிறது. ஏன்?' என்று கேட்டிருந்தார் ஒருவர்.

'முத்தக் காட்சிகளில் வாசிப்பவர் எதற்கு இப்படிப் பறக்கிறார்? கடைசி பஸ் போய்விடுமா?' என்றாள் ஒரு கும்பகோணத்துக்காரி.

பறக்காமல் என்ன செய்வது? கதவுக்கு அந்தப் பக்கம், கூடத்து நாற்காலியில் மாமனார் செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பார். அவர் காதில் விழ நிறுத்தி நிதானமாக முத்தம் கொடுக்க முடியுமா? கும்பகோணத்துக்காரி வந்து வாசித்துப் பார்க்கட்டும்.

சமீரா கூப்பிட்டாள். லப்பைக்குடிக்காட்டில் தன் வீட்டிலிருந்தபடியே இவள் பதிவை வெட்டி ஒட்டி ஒழுங்குபடுத்துகிறவள் அவள்தான்.

"செல்வி, அந்தச் சேவலுக்கு என்னைத் திட்டாத. பதினேழு சேவல வெட்டி எடுத்தேன், பதினெட்டாவது தப்பிச்சிருச்சு. அத வுடு. கம்பெனிக்காரங்க இப்பத்தான் போன் பண்ணாங்க. இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு மதிப்பெண்ணப் பாப்பாங்களாம். நாலு இருந்தா ரெண்டாம் பாகம் நமக்கு. இல்லாட்டி வேற ஆள்."

"இப்ப எவ்வளவு?"

"மூணு புள்ளி ஒம்போது. நாப்பது பேரு போட்டிருக்காங்க. அதுல ஒரே ஒருத்தர்தான் ஒத்த ஸ்டார் குடுத்திருக்காரு. அவரு மட்டும் அஞ்சா மாத்திட்டா கணக்குக்கு நாலு வந்துரும். யா அல்லாஹ், யாருடி அந்தப் புண்ணியவான்? நீயே படிச்சுப் பாரு."

படித்தாள்.

'பொருள்: நாவல் வாசிப்பு தொடர்பாக. பார்வை: அத்தியாயம் 22. வணக்கம். வாசித்தவர் எனக்கு உறவினர் என்றபோதிலும் உண்மையைக் கூறக் கடமைப்பட்டுள்ளேன். இக்கதையில் நிதானமும் பொறுமையும் உள்ள ஒரே மனிதர் எஸ்டேட் மேனேஜர். அவரைப் போலீஸ் பிடித்துச் செல்வது அநியாயம். ஆகவே ஒரு நட்சத்திரம். இப்படிக்கு, மு.சா., செந்துறை.'

செயலியில் கருத்து எழுதச் சொன்னால் பொருள், பார்வை போட்டு மனு எழுதுகிற ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் செயலாளராக இருந்து ஓய்வு பெற்ற முத்துசாமி. அவளுடைய மாமனார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி கூடத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அவளுக்கு வயிறு எரிந்தது ஒற்றை நட்சத்திரத்துக்காக மட்டும் இல்லை. அந்த எஸ்டேட் மேனேஜர்தான் நாவலில் கொலைகாரன். சத்தமே போடாத, சிரித்த முகக் கொலைகாரன். மூன்றாம் அத்தியாயத்தில் அவன் பேச ஆரம்பித்தபோது அவள் தொண்டையிலிருந்து தானாகவே ஒரு குரல் வந்தது. முதலில் ஒரு செருமல். பிறகு மெதுவாக, "இப்ப என்னம்மா அவசரம்? ஆகட்டும், பாத்துக்கலாம்." பதிவைத் திரும்பக் கேட்டபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அப்படியே மாமனார். மாமனார் பெயரைக்கூட வாயால் சொல்லாத வீட்டில் அவரைப் போலப் பேசிக் காட்டினால் என்ன ஆகும்? அழித்துவிடத்தான் நினைத்தாள். சமீராதான், "இந்தக் கொரலுதான்டி கதையே" என்று விடவில்லை.

அந்தக் குரலை அவள் எங்கும் தேடிப் போகவில்லை. பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை வேலை வந்தபோது அவர் அதையேதான் சொன்னார். மறு வருஷம் கேட்டாள், அதே செருமல். மூன்றாம் வருஷம் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது. அவர் ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லை, குரலை உயர்த்தியதும் இல்லை. அதனால் யாரிடம் போய் முறையிடுவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. புருஷன் சக்தியோ அரியலூர் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடித்து வந்து, "அப்பா நல்லதுக்குத்தான் சொல்வாரு" என்று படுத்துவிடுவான். அவளுக்கென்று இருக்கிற ஒரே வேலை இந்த வாசிப்பு. அதுவும் இன்று அஞ்சு மணி வரைதான்.

கூடத்துக்குப் போனாள். முத்துசாமி காதில் இயர்போனோடு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, அந்த ஒத்த ஸ்டார் நீங்க போட்டதுங்களா?"

"ஆமாம்மா. சொந்தம் வேற, நியாயம் வேற. அந்த மேனேஜர் என்ன தப்பு பண்ணாரு? யாரையாவது ஒரு வார்த்தை அதட்டுனாரா?"

"நாலு பேரக் கொன்னிருக்கான் மாமா!"

"அது கதைம்மா. நான் கொணத்தச் சொல்றேன்."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அத்தனை அத்தியாயத்தையும் கேட்ட மனுஷனுக்குத் தன் குரல் மட்டும் தெரியவில்லை.

"அஞ்சு மணிக்குள்ள நீங்க மாத்தலன்னா என் வேலை போயிரும் மாமா. கொஞ்சம் மாத்துங்க."

அவர் செருமினார். "இப்ப என்னம்மா அவசரம்? ஆகட்டும், பாத்துக்கலாம்."

மூன்று வருஷமாக அடக்கி வைத்தது அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அதே இடத்தில் நின்றபடி செருமினாள். தலையைக் கொஞ்சம் சாய்த்து, மெதுவாக, இனிமையாக, "இப்ப என்னம்மா அவசரம்? ஆகட்டும், பாத்துக்கலாம்" என்றாள்.

முத்துசாமி இயர்போனைக் கழற்றினார்.

"இது அந்த மேனேஜரு பேசறதுல்ல?"

"இல்ல மாமா. இது நீங்க பேசறது."

அவர் அவளையே பார்த்தார். அவள் பார்வையை இறக்கவில்லை. சற்றுப் பொறுத்து அவர் அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"அம்சவள்ளி, நான் இப்படியா பேசறேன்?"

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

"முப்பத்தாறு வருசமா" என்றாள் மாமியார். கரண்டி மறுபடி ஓடத் தொடங்கியது.

முத்துசாமி எழுந்தார். போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார், செருப்பை மாட்டினார், வெளியே போய்விட்டார். தொலைந்தது என்று நினைத்தாள் வெற்றிச்செல்வி. நட்சத்திரமும் போயிற்று, இனி மெத்தை சாய்த்து வைக்க அந்த அறையும் கிடைக்காது. வாய் இருக்கிறதே என்று பேசியாயிற்று, இனி அனுபவிக்க வேண்டியதுதான். அறைக்குள் போய் ஜன்னல் கம்பளியைத் தானே அவிழ்க்க ஆரம்பித்தாள்.

அஞ்சு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்போது சமீரா கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"நாலு ஆயிருச்சுடி! அந்தாளு மாத்திட்டாரு! போயிப் படி, சீக்கிரம் படி!"

ஒரு கையில் கம்பளியோடு அவள் படித்தாள்.

'பொருள்: ஒற்றை நட்சத்திரத்தைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக. பார்வை: எனது முந்தைய கருத்து. வணக்கம். எஸ்டேட் மேனேஜரை நிதானமான மனிதர் என்று குறிப்பிட்டிருந்தேன். இன்று பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து மூன்றாம் அத்தியாயத்தை மறுபடி கேட்டேன். அவர் குரலைக் கேட்கப் பயமாக இருக்கிறது. ஐந்து நட்சத்திரம்.'