கயிற்றுக்கு அடியில்

அரைஞாண் கயிற்றை அறுக்கப் பூபதி பிளேடை உள்ளே விட்டபோதுதான் அந்தப் புண் தெரிந்தது. அண்ணன் ஜீவானந்தத்தை வாசலில் பெஞ்சின் மேல் கிடத்தி, நாலு பேர் வேட்டியை மறைப்பாகப் பிடித்திருக்க, அவன்தான் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். அண்ணனுக்கு மகன் இல்லை. கொள்ளி வைக்க வேண்டியவனும் அவன்தான். கயிறு அழுந்திய இடத்தில், வலது இடுப்பில், பீடி நெருப்பால் சுட்டது போலக் கறுப்பாக ஒரு பொருக்கு இருந்தது.

"அறுங்க பூபதி, நேரமாவுதுல்ல?" என்றார் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பங்காளி.

பூபதி குனிந்து பார்த்தான். அந்தப் புண்ணை அவனுக்கு நன்றாகத் தெரியும். கொசுப்புழு ஒழிக்கும் தற்காலிக வேலை அவனுக்கு. போன மாதம் ஓமலூர்ப் பக்கத்து ஊர்களிலெல்லாம் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போய்த் தொண்டை வறளக் கத்தியவன் அவன். உண்ணிக் காய்ச்சல் பரவுகிறது, புதர்ப் பக்கம் போகிறவர்கள் முழுக்கைச் சட்டை போடுங்கள், வந்ததும் குளித்துத் துணி மாற்றுங்கள், காய்ச்சல் வந்தால் அக்குளில், தொடை இடுக்கில், அரைஞாண் கயிற்றுக்கு அடியில் கறுப்புப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். நோட்டீஸில் படம்கூடப் போட்டிருந்தது.

அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன், அண்ணனுக்குக் காய்ச்சல் என்றதும் என்ன செய்தான்? டெங்குவாகத்தான் இருக்கும் என்று குடம், டிரம், ஆட்டுத் தொட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துப் புழு தேடினான். எட்டு நாளும் வந்து வந்து போனான். ஆடு மேய்க்கிற அண்ணனின் வேட்டியை விலக்கிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. ஒன்பதாம் நாள் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். பாதி வழியில் மூச்சு நின்றுவிட்டது. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

சொல்லாமல் இருந்துவிடலாம். பொழுது சாய்வதற்குள் எல்லாம் சாம்பலாகிவிடும், ஒருவருக்கும் தெரியாது. கயிற்றை அறுத்துக் கீழே போட்டான்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து பெருமாயி அத்தையின் குரல் கேட்டது. "வசந்தாமணிக்கு ஒடம்பு அனலாக் கொதிக்குதே! ரெண்டு நாளா அழுதழுதே காய்ச்ச வந்துருச்சு."

வசந்தாமணி அண்ணனின் மனைவி. ஆட்டுக்குத் தழை ஒடிக்க, அண்ணன் ஆடு மேய்த்த அதே புதர் மண்டிய கரட்டுக்குத்தான் அவளும் போவாள்.

பூபதி ஈர வேட்டியோடு உள்ளே ஓடினான். "அத்தை, அண்ணி ஒடம்புல கறுப்பாப் புண்ணு இருக்கான்னு பாருங்க. பாவாட நாடா கட்டற எடத்துல பாருங்க."

"எழவு ஊட்டுல பேசற பேச்சா சாமி இது?"

"அண்ணனுக்கு இருக்குதுங்க. அதுலதான் செத்துருக்கு. நாந்தான் பாக்காம உட்டுட்டேன்."

வசந்தாமணி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் வெளியே வந்ததும் கதவு மூடிற்று. திரும்பத் திறந்தபோது பெருமாயி ஆமென்று தலையை ஆட்டினாள்.

"அண்ணி, கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்கு."

"அவர எடுத்ததுக்கப்பறம் வாரேன் தம்பி."

"நீங்க வராம நான் எடுக்க மாட்டேன்."

வாசலில் முணுமுணுப்பு எழுந்தது. பறைக்காரர்கள் அடியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பூபதி பைக்கை உதைத்தான். கொஞ்ச நேரம் கழித்து வசந்தாமணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து பின்னால் உட்கார்ந்தாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா புண்ணைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், ஒரு மாத்திரையை அவள் கையில் வைத்தார்.

"இத இப்பவே போட்டுக்கங்க. நல்ல வேளைம்மா, சீக்கிரம் வந்துட்டீங்க."

வசந்தாமணி உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரும் இந்த மாத்திரையிலேயே பொழச்சிருப்பாரா தம்பி?" என்றாள்.

பூபதி தண்ணீர் டம்ளரை நீட்டினான். அவள் அதை வாங்கவில்லை. மாத்திரையை வெறும் வாயிலேயே போட்டு விழுங்கினாள்.